புயலுக்குத் தண்டவாளம் கிடையாது

போன வாரம் வங்காள விரிகுடாவில் புயல் என்று பேப்பரில் போட்டிருந்ததைப் படித்துவிட்டு, "அப்பா, அது நம்ம ஊருக்கு வருமா?" என்று நீங்கள் மூன்று பேரும் கேட்டீர்கள். தெரியாது என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். உங்களுக்கு அது பதிலாகப் படவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. ஒரு தடவை நான் தெரியும் என்று சொன்னவன்தான். அதனால் பட்ட பாட்டை எழுதி வைக்கிறேன், படித்துக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருஷம். ஆம்பூருக்கு வெளியே பாலாற்றங்கரையில் ஒரு டேனரியில் களத்து மேஸ்திரியாக இருந்தேன். ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறிப் பதமாகி, எண்ணெய் பூசி வரும் தோல்களைக் கொடியில் போட்டு உலர்த்தி எடுப்பது என் பொறுப்பு. தொட்டியில் வேலை செய்கிறவனுக்கு மழை பெய்தாலும் ஒன்றுதான், வெயில் அடித்தாலும் ஒன்றுதான். களத்துக்காரன்தான் நாள் முழுக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்படிப் பார்த்துப் பார்த்து, வானத்தைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை என்று எனக்கே ஒரு நினைப்பு வந்துவிட்டது.

உங்கள் அம்மாவுக்கு அப்போது எட்டாம் மாதம். தலைப்பிரசவம். அவளுடைய தாய்வீடு ஆற்றுக்கு அக்கரையில், மணலில் நேராக நடந்தால் மூன்று மைல். பாலாறு வருஷத்தில் பத்து மாதம் வெறும் மணல்தான் என்பது உங்களுக்குத் தெரியும். வண்டி, மாடு, சந்தைக்குப் போகிற ஜனம் எல்லாம் அதன் மேலேயே போகும், வரும். ரயிலும் உண்டு. ஆனால் ரயிலில் போனால் அக்கரை ஸ்டேஷனில் இறங்கி இரண்டு மைல் வரப்பில் நடக்க வேண்டும். பிள்ளைத்தாய்ச்சிக்கு அது ஆகாது.

ஐப்பசி பிறந்ததும் என் மாமியார் தன் ஊர் மருத்துவச்சியைக் கூட்டிக்கொண்டு வந்தார். மருத்துவச்சி அம்மாவின் வயிற்றில் கை வைத்து வெகுநேரம் தடவிப் பார்த்தாள். அப்புறம் வெளியே வந்து என்னிடம் சொன்னாள்:

"கொழந்த குறுக்கால படுத்துனு இருக்குது மேஸ்திரி. தலை கீழ வரணும். பத்துப் பதினஞ்சு நாளுக்குள்ள அங்க கொண்டாந்து வுட்டுடு. எண்ணெய் போட்டு நான் திருப்பிடுவேன். வலி எடுத்தப்பறம் என்னைக் கூப்ட்டா நான் இன்னா பண்றது?"

"வலிக்குமா அவளுக்கு?" என்று கேட்டேன்.

"குறுக்காலயே இருந்தாதான் ரெண்டு பேருக்கும் கஷ்டம்" என்றாள். எனக்கு விளங்கிவிட்டது.

அடுத்த வியாழக்கிழமை நல்ல நாள் என்று பார்த்து, அழைத்துப் போக வண்டி அனுப்புவதாக மாமியார் சொல்லிவிட்டுப் போனார். பிள்ளை பெறப் போகிறவளைத் தாய்வீட்டார்தான் வந்து கூட்டிப் போக வேண்டும். புருஷன் கொண்டுபோய் விட்டால் அழைக்காத வீட்டுக்குப் போன மாதிரி.

அதற்கு முதல் நாள் நான் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். பட்டை ஏற்றி வந்த வேகன் நிற்கிறதா என்று பார்க்கப் போனது. அங்கே தந்தி அடிக்கிற சிக்னலர் எனக்குப் பழக்கம். ஜோலார்பேட்டையிலிருந்து மாற்றலாகி வந்தவர், என் வயதுதான். "மெட்ராஸுக்கு நேர் கிழக்க கடல்ல புயலாம் மேஸ்திரி, மேற்கப் பாத்து வருதாம்" என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சுவரில் ஒட்டியிருந்த ரயில் அட்டவணையைப் பார்த்தேன்! மெட்ராஸுக்கு நேர் மேற்கே அரக்கோணம், காட்பாடி, அப்புறம் நாம். புயல் கூட்ஸ் வண்டி வேகத்தில் வரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டிருந்தேன். கூட்ஸ் வண்டிக் கணக்கைப் போட்டேன். காலையில் மெட்ராஸ், வெயில் ஏறும்போது அரக்கோணம், உச்சியில் காட்பாடி, மத்தியானம் இரண்டு மணிக்கு ஆம்பூர். நம் பக்கத்து ஜனம் எதையும் ரயிலை வைத்துத்தான் கணக்குப் பார்ப்போம். பால் கறப்பது ஒரு வண்டிக்கு, சங்கு ஊதுவது ஒரு வண்டிக்கு. புயலும் அந்த வழியாகத்தான் வரும் என்று என் புத்திக்குப் பட்டதில் ஆச்சரியமில்லை.

வியாழக்கிழமை காலை டேனரிக்குப் போனதும் அட்டவணைக் கணக்கை எல்லாரிடமும் சொல்லி, கொடியில் இருந்த தோல் அத்தனையையும் இறக்கச் சொன்னேன். பாதி காய்ந்தும் காயாமலும் இருந்ததைக் கொட்டகைக்குள் அடுக்கச் சொன்னேன். வீட்டுக்கு வந்தால் மச்சினன் வண்டியோடு வாசலில் நிற்கிறான். பூவும் வளையலும் கொண்டுவந்திருந்தான்.

"இன்னிக்கு வேணாம். புயல் வருது. ஆத்துல வெள்ளம் வந்தா நடுவுல மாட்டிக்குவீங்க. அது போனப்பறம் பாத்துக்கலாம்" என்றேன்.

அவன் வானத்தைப் பார்த்தான். ஒரு துண்டு மேகம் இல்லை. "வெறும் வண்டியா போனா அம்மா கேப்பாங்களே மாமா."

"நான் சொன்னேன்னு சொல்லு."

அவன் போய்விட்டான். உங்கள் அம்மா கட்டி வைத்திருந்த துணி மூட்டையை அவிழ்த்து மறுபடி கொடியில் போட்டாள்.

இரண்டு மணி ஆயிற்று. நான்கு மணி ஆயிற்று. வெயில் சுள்ளென்று அடித்தது. வேலைக்காரர்கள் எல்லாம் வேலை இல்லாமல் கொட்டகை ஓரத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்தார்கள். பட்டை வண்டி ஓட்டுகிற பாய் ஒருவர் உண்டு. உங்களுக்கு அவரைத் தெரியும், பெருநாளைக்குச் சேமியா கொண்டுவந்து தருகிறவர்தான். அவர் சும்மா இருப்பாரா?

"இன்னா மேஸ்திரி, உன் வண்டி லேட்டா? அரக்கோணத்துல தண்ணி புடிக்குதா?"

"வரும் பாய்."

"சிக்னல் வுழலியோ என்னமோ. ஒரு ஆள அனுப்பிக் கொடி காட்டச் சொல்லு!"

அத்தனை பேரும் சிரித்தார்கள். அன்றும் மழை இல்லை, மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் கொட்டகையைத் திறந்தால் அடுக்கி வைத்த தோலெல்லாம் புழுங்கி வெள்ளை வெள்ளையாய்ப் பூஞ்சை பூத்திருந்தது. முதலாளி கோபக்காரர் இல்லை. ஒரு தோலைத் தூக்கி மோந்து பார்த்துவிட்டு, "மழையில நனைஞ்சிருந்தா கூட இவ்ளோ பேஜார் ஆயிருக்காது மேஸ்திரி" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

தோலைத் துடைத்து எடுத்துவிடலாம். போன நல்ல நாளை என்ன செய்வது? அடுத்தது அஷ்டமி, நவமி, அப்புறம் அமாவாசை என்று தள்ளிக்கொண்டே போயிற்று. மாமியாரிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. அனுப்பிய வண்டியைத் திருப்பி அனுப்பினவன் வீட்டுக்கு மறுபடி யார் வண்டி அனுப்புவார்கள்? மருத்துவச்சி கொடுத்த கெடு மட்டும் ஒவ்வொரு நாளாய்த் தேய்ந்தது. அம்மா படுத்திருக்கும்போது வயிற்றின் ஒரு பக்கம் குழந்தையின் தலை உருண்டையாகப் புடைத்துக்கொண்டு தெரியும். எனக்கு அதைப் பார்க்கவே பயம்.

நான் சிக்னலரிடம் சண்டைக்குப் போனேன். "மேற்க வருதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க?"

"மேற்கதான் வந்துச்சு. மெட்ராஸ் கிட்ட வந்து வடக்கால திரும்பிடுச்சு. நெல்லூரத் தாண்டி எங்கயோ கரை ஏறுச்சாம்" என்றார். நான் அட்டவணைக் கணக்கைச் சொன்னதும் அவர் சிரித்த சிரிப்பில் ஸ்டேஷன் மாஸ்டர் எட்டிப் பார்த்தார்.

"புயலுக்குத் தண்டவாளம் கிடையாது மேஸ்திரி. மெட்ராஸ்ல ஏறுனா ஜோலார்பேட்டையிலதான் எறங்கணும்னு அதுக்குச் சட்டமா?"

"அப்ப அது எப்படித்தான் போவுது?"

"அதுவா எங்கயும் போறதில்ல. சுத்தி இருக்கற பெரிய காத்து இட்டுனு போவுது."

அப்புறம் அவர் ஒரு விஷயம் சொன்னார். வேலை ஓய்ந்த நேரத்தில் சிக்னலர்கள் கம்பியிலேயே ஒருவரோடொருவர் பேசிக்கொள்வார்களாம். ரேணிகுண்டாவில் என்ன சமையல், குண்டக்கல்லில் யாருக்குக் கல்யாணம் என்று. அப்படிப் பேசும்போது இவர் மேகத்தையும் விசாரிப்பார். மழை மேகம் இல்லை, அதற்கெல்லாம் மேலே கோழி இறகு மாதிரி மெல்லிசாக ஒன்று போகுமே, அது. அது எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டால் மேல்காற்று எப்படி என்று தெரிந்துவிடும். மெட்ராஸில் பெரிய ஆபீஸில் பலூன் விட்டுப் பார்க்கிறார்கள், நமக்குப் பலூன் ஏது என்றார். அந்தப் புயல் வடக்கே திரும்புவதற்கு முன்னால் இரண்டு நாளாகக் குண்டக்கல்லில் இறகு மேகம் மேற்கிலிருந்து கிழக்கே ஓடியதாம். "அப்பவே எனக்குச் சந்தேகம். உங்கிட்ட சொல்லணும்னு தோணல" என்றார்.

எனக்கு அது முழுசாக விளங்கியது தொட்டிக் கரையில்தான். பட்டைத் தொட்டியில் ஆள் கழியை விட்டுத் தோலைப் புரட்டும்போது தண்ணீரில் சின்னச் சின்னச் சுழல் விழும். நுரையைச் சேர்த்துக்கொண்டு பம்பரமாகச் சுற்றும். நீங்கள் பார்த்தால் அது தன் இஷ்டத்துக்குத் திரிகிறது என்று நினைப்பீர்கள். நான் மத்தியானச் சாப்பாட்டை மறந்து அதையே பார்த்தேன். சுழல் சுற்றுவது அதன் சொந்த வேலை. நகர்வது மட்டும் சொந்த வேலை இல்லை. தொட்டித் தண்ணீர் மொத்தமாக எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் சுழலும் போயிற்று. ஓரத்தில் நின்ற தண்ணீர் கனமாக இருந்தால் அதில் முட்டி ஒதுங்கி, விட்ட இடைவெளியில் திரும்பிற்று. இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் போக வழி தெரியாமல் நின்ற இடத்திலேயே நின்றது.

புயலும் அப்படித்தான் பிள்ளைகளே. அதற்கு வடக்கே நாட்டின் மேல் கனமான காற்று ஒரு நீளமான மேடு மாதிரி படுத்திருக்கும். மேடு உடையாமல் கிடந்தால் புயல் அதைத் தாண்ட முடியாமல் அதன் தெற்கு ஓரமாகவே மேற்கே தள்ளப்பட்டு வரும். மேடு எங்கேயாவது விட்டுக்கொடுத்தால் அந்தச் சந்தில் வடக்கே திரும்பிவிடும். திரும்பியதும் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று பிடித்து, வந்த பக்கமே கிழக்கே இழுத்துக்கொண்டு போனாலும் போகும். இத்தனை பலமுள்ளது, மரத்தைப் பிடுங்குவது, கப்பலைக் கவிழ்ப்பது, தன் வழியைத் தானே தேர்ந்தெடுக்க முடியாது என்பது எனக்கு அன்றைக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. சூட்சுமம் இதைவிட அதிகம் இருக்கும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

பதின்மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை, சிக்னலரே டேனரி கேட் வரைக்கும் வந்துவிட்டார். மறுபடி கடலில் புயல். இந்தத் தடவை ரேணிகுண்டா, குண்டக்கல், எங்கே கேட்டாலும் இறகு மேகம் கிழக்கிலிருந்து மேற்கே போகிறதாம். "வடக்க கதவு சாத்தியிருக்குது மேஸ்திரி. இது திரும்பாதுன்னு தோணுது. நெசமா தெரியாது. தோணுது, அவ்ளோதான்."

இது திரும்பாமல் மேற்கே வந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். பாலாறு நம் ஊர் மழைக்குப் பெருகாது. மேற்கே மைசூர்ப் பக்கத்து மலையில் கொட்டினால்தான் பெருகும். பெருகினால் ஒரு வாரம் கடக்க முடியாது. போன தடவை புயல் வருகிறது என்று அவளை நிறுத்தினேன். அது புயல் வரும் வழியைத் தப்பாகக் கணக்குப் பண்ணின தப்பு மட்டும் இல்லை. ஆறு பெருகும் என்றால் அதற்கு முன்னாலேயே அக்கரையில் கொண்டுபோய் விட்டிருக்க வேண்டும். அதுகூடத் தோன்றாத முட்டாளாக இருந்திருக்கிறேன்.

வீட்டுக்கு ஓடினேன். "கெளம்பு, உங்க வீட்டுக்குப் போலாம். புயல் வருது" என்றேன்.

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். "அன்னிக்குப் புயல் வருது போவாதன்னீங்க. இன்னிக்குப் புயல் வருது போன்றீங்க. எதுங்க நெசம்?"

"இன்னிக்குச் சொல்றது."

"இன்னிக்குச் செவ்வாக்கெழம. வண்டியும் அனுப்பல. கூப்புடாத வூட்டுக்கு நான் எப்படிப் போவேன்?"

"இதுவும் வராமப் போனா, ஊரே சிரிக்கட்டும். வந்துட்டா நீ இங்க இருக்கக் கூடாது. எனக்குப் பயமா இருக்குது" என்றேன். அதற்கு முன்னால் அவளிடம் பயம் என்கிற வார்த்தையை நான் சொன்னதில்லை. களைந்த அரிசியை அப்படியே மூடி வைத்தாள்.

"மேகத்துக்குச் செவ்வாக்கெழமன்னு தெரியுமா இன்னா? மூட்டையக் கட்டுங்க" என்றாள்.

பாயிடம் வண்டி கேட்டேன். கேலி செய்வார் என்று பயந்துகொண்டே கேட்டேன். அவர் பட்டையைக் கீழே தள்ளிவிட்டு, தன் வீட்டிலிருந்து இரண்டு ரஜாய்ப் போர்வை கொண்டுவந்து மெத்தையாகப் போட்டார். ஆற்று மணலில் சக்கரம் புதையும் இடத்திலெல்லாம் இறங்கி, "மெதுவா, மெதுவா, நம்ம பொண்ணு உள்ள இருக்குது" என்று மாட்டிடம் சொல்லிக்கொண்டே வந்தார். நடு ஆற்றில் தூறல் பிடித்தது. கிழக்கே வானம் ஈயம் பூசின மாதிரி இருந்தது.

பட்டை வண்டியில் வந்திறங்கிய மகளைப் பார்த்து என் மாமியார் வாசலிலேயே நின்றார்.

"நான் வண்டி அனுப்பனா உங்களுக்கு ஆவாது. தோல் கெடங்கு வண்டிதான் ஆவுது போல."

"தப்புதான் அத்தை" என்றேன். வேறு என்ன சொல்ல? அவர் என்னைத் தாண்டிப் போய் மகளைக் கைபிடித்து இறக்கி, "ஏண்டி இப்படி எளைச்சிட்ட?" என்று அழுதுவிட்டார். நான் வெளியே நின்றுகொண்டிருந்தேன். மருத்துவச்சிக்கு ஆள் போயிற்று.

தோலை இறக்க நான் திரும்பியே ஆக வேண்டும். உங்கள் அம்மா நடையில் வந்து, "பாத்துப் போங்க" என்றாள். திரும்பும்போது மணலில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓட ஆரம்பித்திருந்தது. வேலைக்காரர்கள் சிரிப்பதற்குள் பாய் வண்டியிலிருந்து குதித்து, "எறக்குங்கடா எல்லாத்தையும்! சிரிக்கறத அப்பறமா வெச்சுக்கலாம்" என்று சத்தம் போட்டார். சாயங்காலத்துக்குள் காற்று கொட்டகைத் தகட்டைப் பேர்த்தது. விடிந்து பார்த்தால் ஆறு இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. தென்னை மட்டை, வைக்கோல் போர், ஒரு வண்டிச் சக்கரம் எல்லாம் மிதந்து போயின. ரயிலை நிறுத்திவிட்டார்கள். தந்திக் கம்பியும் அறுந்து போயிற்று.

அந்த நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்று எழுதத் தெரியவில்லை. கரையில் போய் நிற்பேன். அக்கரை மரம் தெரியும், மனுஷர் தெரியாது. முதலாளி ஒரு தடவை குடையோடு வந்து பக்கத்தில் நின்றார். குடையை என் பக்கமும் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார்.

நான்காம் நாள் மத்தியானம் சிக்னலர் சேற்றில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். கம்பி சரியாகிவிட்டது. அக்கரை ஸ்டேஷன் சிக்னலரிடம் என் மச்சினன் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். "பொண்ணு மேஸ்திரி! ரெண்டு பேரும் சுகம்!" பாய் என்னைக் கட்டிக்கொண்டார். இருவர் மேலும் பட்டை வாசனை. நான் தொட்டிக் கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆறாம் நாள் தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கியதும் கழி ஊன்றிக் கடந்தேன். மாமியார் நனைந்த வேட்டியைப் பார்த்துவிட்டு, "பொண்ணு பொறந்து மூணு நாளு. இப்பதான் அப்பனுக்கு வழி தெரிஞ்சுதா?" என்றார். ஆனால் கையில் காய்ந்த துண்டு வைத்திருந்தார்.

மருத்துவச்சி திண்டாடியதை அப்புறம் சொன்னாள். செவ்வாய் சாயங்காலமும் புதன் காலையும் எண்ணெய் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக, வயிற்றைச் சுற்றித் தடவித் தடவித் திருப்பினாளாம். வியாழன் விடியும்போது வலி எடுத்துவிட்டது. "ஒரு நாள் தள்ளியிருந்தா..." என்று ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டு, வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டாள்.

உள்ளே அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் முறத்தில் பழந்துணி விரித்து உங்கள் அக்கா. முகம் என் உள்ளங்கை அளவு. நான் தொடப் போனேன். கையில் ஆவாரம்பட்டைக் கறை இருந்தது, இழுத்துக்கொண்டேன்.

"தொடுங்க, ஒண்ணும் ஆவாது" என்றாள் அம்மா. அப்புறம் மெல்லச் சிரித்துக்கொண்டே கேட்டாள்: "உங்க புயல் கடைசியா எந்தப் பக்கம் போச்சு?"

எனக்குத் தெரியவில்லை. சிக்னலரை இரண்டு நாளும் பார்த்தேன், பேசினேன், காப்பி கூடக் குடித்தேன். கேட்கவே தோன்றவில்லை.

"கேக்கலியே" என்றேன்.

அவள் சிரித்த சத்தத்தில் குழந்தை கண்ணைத் திறந்தது.